வைக்கோலும் மிருதுவாகணும், பயிரும் சாயக்கூடாது!

கேள்வி: ''பயிரில் லிக்னினைக் குறைத்து ரகங்களை உருவாக்குகிறார்கள். அந்தத் தட்டை மாட்டுக்கு எளிதில் செரிக்கும், எத்தனால் எடுக்கவும் சுலபம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். நெல்லில் அப்படி ரகம் இருக்கிறதா? சம்பா வைக்கோலைக் கறவை மாட்டுக்கு ஏற்றதாக மாற்ற முடியுமா?''

- வாசகர், ஒரத்தநாடு.

பதில்: கான்கிரீட்டில் கம்பியைச் சிமென்ட் பிடித்து நிற்பதுபோல, தாளில் உள்ள நார்களை இறுக்கிப் பிடித்திருப்பது லிக்னின். மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்களால் இதை உடைக்க முடியாது. உள்ளே சத்து இருந்தும் மாட்டுக்குக் கிடைப்பதில்லை. எத்தனால் ஆலைக்கும் இதே தடைதான்.

லிக்னின் குறைந்த மக்காச்சோளம் 1924-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இயற்கையாகக் கிடைத்தது. இலையின் நடுநரம்பு பழுப்பாக இருப்பதே அடையாளம். 1978-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சோளத்திலும் இதை உருவாக்கினார்கள். நெல்லில், உமியும் கணுவிடையும் பொன்னிறமாக மாறிய ஒரு வகையில் லிக்னின் உருவாக்கும் மரபணு பழுதாகி இருப்பதை 2006-ல் கண்டறிந்தார்கள்.

ஆனால், டெல்டா சாகுபடிக்கு லிக்னின் குறைந்த நெல் ரகம் எதுவும் வரவில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த மரபணு திருத்த நெல் ரகங்கள் இரண்டும் வேறு நோக்கத்துக்கானவை. பயிரை நிமிர்த்தி நிறுத்துவதும் லிக்னின்தான். கதிர் முற்றும் நேரத்தில், மார்கழி மழையில் சம்பா சாய்ந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். தவிர, வைக்கோலில் மணல்சத்தான சிலிக்காவும் அதிகம். லிக்னினைக் குறைத்தாலும் அது போகாது. தானியத்துக்கு நிற்க வேண்டாத தீவனப் பயிருக்குத்தான் இந்த முறை முதலில் பொருந்தும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். யூரியா ஊட்டம் கொடுங்கள். காய்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு, 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகச் சீராகத் தெளித்து மிதியுங்கள். காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி, 21 நாள்கள் வையுங்கள். உருவாகும் அமோனியா, லிக்னின் பிடியைத் தளர்த்தும். 3-4 சதவிகிதமாக உள்ள புரதமும் ஏறத்தாழ இரு மடங்காகும்.

கவனம்: யூரியா கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து, வாளியை எட்டாத இடத்தில் வையுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, வாடை போகும்வரை ஆறவிட்டுக் கொடுங்கள். முதல் வாரம் சாதா வைக்கோலுடன் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கும், பூஞ்சணம் பிடித்ததை எந்த மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது. வயிறு உப்பினாலோ, உடல் நடுங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

வரப்போரமோ, ஐந்து சென்ட்டோ இருந்தால் கோ.எஃப்.எஸ்-29 தீவனச்சோளம் போடுங்கள். பூக்கும் தருணத்தில் அறுத்துவிடுங்கள். முற்ற முற்ற லிக்னின் ஏறும். இளம் பயிரில் நச்சு உண்டு, மேயவிடாதீர்கள்.

அடுத்த தை அறுவடையில், ஒரு 100 கிலோவில் மட்டும் செய்து பாருங்கள். மாடு மிச்சம் வைக்கிறதா என்று பார்த்துவிட்டு, எங்களுக்கு எழுதுங்கள்.