கடலடியின் எதிரொலி யாருக்குச் சொந்தம்?

வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்று கொழும்புக்கு வருகிறது என்றால் போதும், உளவு என்று ஒரு பேச்சும் கடலடிப் புதையல் என்று மறுபேச்சும் கிளம்பிவிடும். 2023 ஒக்டோபரில் சீனாவின் 'ஷி யான் 6' வந்தபோதும் அப்படித்தான். 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு இத்தகைய கப்பல்களின் வருகையை அரசாங்கம் இடைநிறுத்தியது. ஆனால் இவை கடலுக்குள் அனுப்பும் ஒலி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பது பேசப்படுவது குறைவு.

புதையல் பேச்சில் அடிக்கடி வருவது எரிவாயு ஐதரேற்று. பனிக்கட்டி போன்ற திண்மம் இது. நீர் மூலக்கூறுகளின் கூட்டுக்குள் மெதேன் சிறைப்பட்டிருக்கும். குளிரும் உயர் அமுக்கமும் உள்ள ஆழ்கடல் அடையல்களில் உருவாகும். ஒரு கன மீற்றர் ஐதரேற்றில் இருந்து சுமார் 160 கன மீற்றர் வாயு வெளிவரும்.

இதைத் தேடும் கப்பல், அமுக்கிய காற்றை நீருக்குள் திடீரென வெளிவிட்டு ஒலி எழுப்புகிறது. பின்னால் இழுபடும் நீண்ட கேபிள்களில் உள்ள ஒலிவாங்கிகள் எதிரொலியைப் பதிகின்றன. ஐதரேற்று உள்ள அடையலில் ஒலி வேகமாகச் செல்லும். அதன் கீழே வாயு தங்கியிருந்தால் வேகம் சட்டெனக் குறையும். அந்த எல்லையில் தெறிக்கும் ஒலி, கடற்படுக்கையின் மேடுபள்ளத்தை ஒத்த ஒரு கோடாகப் பதிவாகும். அலை மட்டும் தலைகீழாக இருக்கும்.

ஆனால் கோடு வேறு, வளம் வேறு. 2006 இல் இந்தியா துளையிட்டுப் பார்த்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் சுமார் 130 மீற்றர் தடிப்பில் ஐதரேற்று இருந்தது. கேரளக் கரைக்கு அப்பால் துளையிட்ட இடத்தில் எதுவும் இல்லை. அத்திலாந்திக்கின் பிளேக் முகட்டில் 1995 இல், அந்தக் கோடே தெரியாத இடத்திலும் ஐதரேற்று கிடைத்தது. 2013 இல் ஜப்பான் கடலடியில் இருந்து வாயுவை எடுத்துக் காட்டியது. மணல் புகுந்ததால் ஆறாம் நாளில் நிறுத்தியது. பரிசோதனைகளைத் தாண்டி வணிக உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை.

மன்னார்ப் படுகையில் 2011 இல் கெய்ர்ன் நிறுவனம் கண்டது வழமையான இயற்கை எரிவாயு. அதுவே இன்னும் நமது அடுப்புக்கு வரவில்லை. ஆகவே 'மன்னாரில் புதையல்' என்ற தலைப்பைக் கண்டால் கேட்க வேண்டியது ஒன்று: துளையிட்டார்களா, எதிரொலி மட்டுமா?

அடுத்த கேள்வி கடற்றொழிலாளருடையது. ஆய்வு நடக்கையில் படகுகள் கேபிள் பாதையை விட்டு விலக வேண்டும். பாரண்ட்ஸ் கடலில் 1990களில் நோர்வே ஆய்வாளர்கள் செய்த பரிசோதனையில், இத்தகைய ஒலிக்குப் பின் கொட், ஹடொக் மீன்களின் பிடிபாடு சராசரியாக அரைவாசியால் குறைந்தது. இவ்வாய்வுகள் ஆழ்கடலில் நடந்தாலும் நெடுநாள் கலங்கள் அங்கும் போகின்றன. போர்க்காலத் தடைகளால் தொழிலை இழந்து மீண்ட கரையோரத்துக்கு, 'கொஞ்ச நாளைக்குக் கடலுக்குப் போகாதீர்கள்' என்பது சின்ன விடயம் இல்லை. முன்னறிவித்தலும் இழப்பீடும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மற்றது தரவு. ஐ.நா. கடற்சட்ட சமவாயத்தின் 249 ஆம் உறுப்புரை, அறிவியல் ஆய்வில் பங்குபற்றவும் தரவுகளையும் மாதிரிகளையும் பெறவும் கரையோர நாட்டுக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை கொழும்பில் ஓர் அமைச்சின் அலுமாரிக்குள் முடிந்துவிடக் கூடாது. முடிவுகளின் சுருக்கமாவது தமிழில், மன்னார், முல்லைத்தீவு கடற்றொழிலாளர் சங்கங்களுக்குக் கிடைக்க வேண்டும். அடுத்த கப்பல் வரும்போது அதன் கொடி எந்த நாட்டுடையது என்பதோடு இவற்றையும் கேட்போம்.