நெடுஞ்சாலையில் இத்தனை வாசல்கள் எதற்கு?

சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். விபத்து என்றதும் டிரைவரின் வேகத்தைக் குறை சொல்கிறோம். சாலையோரத்தில் முளைக்கும் வாசல்களையும் கொஞ்சம் பாருங்கள்.

வயலாக இருந்த இடத்தில் ஓர் ஓட்டல் வருகிறது. அடுத்து பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம். ஆளாளுக்கு மண்ணைக் கொட்டி, மெயின் ரோட்டுக்கு நேராக வழி போட்டுக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளில் சென்டர் மீடியனில் கல் பெயர்ந்து, இரண்டு அரளிச் செடிகளுக்கு நடுவே பைக் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்துவிடும். ராத்திரியில் அந்தப் புதருக்குள்ளிருந்து முன்சக்கரம் எட்டிப்பார்த்த பிறகுதான் ஆள் வருவதே தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடும். பார்த்து, பிரேக் மிதித்து, நிற்பதற்கு 120 மீட்டர் வேண்டும் என்பது சாலைப் பொறியாளர்களின் கணக்கு. டிம் லைட் அவ்வளவு தூரம் எட்டாது.

சாதாரண முச்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ள வாய்ப்புள்ள இடங்கள் 9. மீடியனை அடைத்து, இடப்பக்கமே நுழைந்து இடப்பக்கமே வெளியேறச் செய்தால் அது 2 ஆகிவிடும்.

ஊர்க்காரர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். எதிர்ப்பக்கத்து நிலத்துக்குப் போக மூன்று கிலோமீட்டர் சுற்றச் சொன்னால் யார் சுற்றுவார்கள்? ராங் சைடில்தான் வருவார்கள். மீடியனை அடைக்கும் முன் சர்வீஸ் ரோடும் சுரங்கப்பாதையும் போட்டுக்கொடுக்க வேண்டும்.

முன் அனுமதி இல்லாமல் தேசிய நெடுஞ்சாலைக்கு வழி அமைக்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பங்க் என்றால் வேகம் குறைக்கவும் கூட்டவும் தனித்தடம் வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் கட்டடத்துக்கு அனுமதி தருவது ஓர் அலுவலகம், வழிக்கு அனுமதி தருவது இன்னொன்று. வழிக்கு அனுமதி கிடைக்கும்வரை கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அடுத்தடுத்து நாலு கடை இருந்தால் நாலுக்கும் சேர்த்து ஒரே வாசல் போதும்.

மண்டபம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகூர்த்த நாளில் ரோட்டில் ஆளை நிறுத்திச் சிவப்புத் துணி ஆட்டுவது பாதுகாப்பாகாது. பக்கத்துத் தெருவில் இடமிருந்தால் வாசலை அங்கே வையுங்கள்.