ஆடித் தள்ளுபடியில் ஒரு மூக்கு

ஆடி மாதத்தில் புடவைக்குத் தள்ளுபடி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பாத்திரத்துக்குக் கொடுக்கட்டும், கட்டிலுக்கும் பீரோவுக்கும் கொடுக்கட்டும். மூக்குக்குக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

கொடுக்கலாம் என்று நம் ஊரில் ஓர் அழகு சிகிச்சை நிலையம் தீர்மானித்துவிட்டது. பெயர் எதற்கு? அதன் விளம்பரம் என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. மூக்கைத் திருத்திக்கொள்வதற்கும் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொள்வதற்கும் ஆடிச் சலுகையாம். மாதம் முடிவதற்குள் முன்பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டுமாம். துணைக்கு ஒருவரை அழைத்து வந்தால் இருவருக்கும் இன்னும் கொஞ்சம் குறைப்பார்களாம். நாத்தனாரையும் ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு போய்க் குடும்பத்தோடு மூக்கறுபட்டு வரலாம்!

இந்தக் கூத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மற்ற வைத்தியர்களுக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. குடல்வால் வீங்குவதற்குப் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. எலும்பு முறிவதற்கு ராகுகாலம் கிடையாது. அழகு ரண சிகிச்சைக்கு வருகிற கூட்டமோ பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வருகிறது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் கல்யாணப் பெண்களும் மாப்பிள்ளைகளும் வருகிறார்கள். கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள். டிசம்பரில் அயல்நாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள். நடுவில் சில மாதங்கள் வாசலில் ஈ ஆடுகிறது.

நிர்வாக யோசனை சொல்லிப் பிழைக்கிற நண்பர் ஒருவரிடம் இந்த விளம்பரத்தைக் காட்டினேன். அவர் கொஞ்சமும் அதிர்ச்சி அடையவில்லை.

"காலி நாற்காலியோடு விமானம் பறந்தால் அந்த நாற்காலியின் காசு திரும்பி வருமா, சார்? ஆபரேஷன் தியேட்டரும் அப்படித்தான். சும்மா கிடந்த நாள் போனது போனதுதான். மந்த மாதத்தில் விலையைக் குறைத்து ஆளைக் கொண்டுவர வேண்டும். கூட்டம் நெரிகிற மாதத்தில் ஏற்ற வேண்டும். உலகம் பூராவும் இதுதான் வழக்கம்" என்றார்.

வாடகை, கடன் தவணை, நர்ஸுகளின் சம்பளம், மயக்க மருந்து டாக்டருக்குக் கொடுப்பது, எல்லாம் ஆடியிலும் உண்டு என்பது எனக்கும் தெரிகிறது. டாக்டர் காற்றைக் குடித்து வாழ முடியாதுதான். ஆனாலும் நண்பரின் விமானத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. விமானத்தில் ஏறாதவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை, ஏறியவனுக்கும் இல்லை. ஆகவே எவனை ஏற்றினாலும் ஒன்றுதான். கத்தியின் கீழ் அப்படி எவரை வேண்டுமானாலும் படுக்க வைக்கலாமா?

இந்தத் தொழிலில் கைத்திறமைக்கு அடுத்தபடி வேண்டியது, 'வேண்டாம், அம்மா, வீட்டுக்குப் போ' என்று சொல்லுகிற திறமை. கண்ணாடியில் இல்லாத குறையைக் கண்டு தினம் தினம் வேதனைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மனத்தின் நோய். மூக்கைச் செதுக்கினால் தீராது. மாமியார் சொன்னாள் என்று வருகிறவள் இருக்கிறாள். கணவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதற்காகத் தன் முகத்தை மாற்றிக்கொள்ள வருகிறவள் இருக்கிறாள். இவர்களைப் பேசிப் பார்த்துக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டியவர் டாக்டர். தள்ளுபடி போட்டு, தொலைபேசியில் ஒரு பெண்ணை உட்கார்த்தி வைத்து, 'இன்னும் இரண்டே இடம்தான் பாக்கி, மேடம்' என்று சொல்லச் செய்து, முன்பணமும் வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு எந்த டாக்டருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல நாக்கு எழும்? அவர் சொல்ல மாட்டார். வந்தவளும் சொல்ல மாட்டாள். முந்தின இரவு அவளுக்குப் பயம் வரும். கட்டிய பணம் அதைவிடப் பெரிதாகத் தெரியும்.

சலுகைக்கு வைத்த கெடுவைப் பாருங்கள். ஆடிக் கடைசியில் ஆபரேஷன் என்றால் ஆவணியில் மணவறை. இடையில் மூன்று வாரம், நாலு வாரம். மூக்கின் மேல் வைக்கும் கட்டை எடுக்கவே ஒரு வாரம் போலாகும். கண்ணைச் சுற்றிய கருநீலம் மறைய இரண்டு மூன்று வாரம். உள்வீக்கம், முக்கியமாக மூக்கு நுனியில், முழுக்க வடிந்து உண்மையான உருவம் தெரிய ஒரு வருஷம்கூட ஆகும். வீங்கிய மூக்கோடு எடுத்த போட்டோதான் பேரன் பேத்திகளுக்குக் காட்ட மிஞ்சும். இது டாக்டருக்குத் தெரியாதா? தெரியும். பஞ்சாங்கமும் தெரியும். எழுத்தாளனுக்கும் சீசன் உண்டு: தீபாவளி மலருக்கு எல்லாப் பத்திரிகைகளும் ஒரே வாரத்தில் கதை கேட்கும். அவசரத்தில் எழுதப்பட்ட கதை கார்த்திகை பிறப்பதற்குள் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும். மூக்கு போகாது.

உண்மையான கூட்டம் என்றால் என்ன என்பதை இந்தச் சிகிச்சையின் சரித்திரமே காட்டுகிறது. முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் கட்டிக் கொடுத்தவர் ஹெரால்டு கில்லீஸ் என்ற டாக்டர். 1916 ஜூலையில் சோம் நதிக்கரையில் சண்டை தொடங்கியபோது, இங்கிலாந்தில் ஆல்டர்ஷாட் ஆஸ்பத்திரியில் 200 பேருக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். சுமார் 2,000 பேர் வந்து சேர்ந்தார்கள்! மறுவருஷம் ஸிட்கப்பில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி பிறந்தது. அங்கே 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. அத்தனை நெரிசலைக் கண்ட அந்த மனிதர், நியாயமாகத் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனைத் தள்ளித்தான் போட வேண்டும் என்று மாணவர்களுக்குப் போதித்தார். யுத்தத்துக்குப் பிறகு பணக்காரர்களின் முகங்களையும் திருத்திச் சம்பாதித்தவர்தான் அவர், சந்நியாசி அல்ல.

அவருடைய நாட்டில் இப்போது விதியே இருக்கிறது. கெடு வைத்த சலுகைகளும் 'ஒன்றுக்கு ஒன்று இலவச' வியாபாரமும் கூடாது என்று 2013-ல் ஸர் புரூஸ் கியோ தலைமையில் நடந்த விசாரணை சொல்லிற்று. யோசிக்க அவகாசம் கொடுக்க வேண்டும், ஆபரேஷன் செய்கிற டாக்டரே நேரில் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும், அவசரப்பட்டு முடிவு செய்யத் தூண்டும் விளம்பரம் கூடாது என்று 2016 ஜூன் முதல் அங்கே மருத்துவ கவுன்சிலின் கட்டளை.

நமக்கு மட்டும் விதி இல்லையா? 2002-ஆம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதிகளில், விளம்பரம் செய்து நோயாளியை இழுப்பது ஒழுக்கக் கேடு என்று எழுதியிருக்கிறது. நிறுவனம் செய்தாலும் அப்படித்தான் என்றும் எழுதியிருக்கிறது. பட்டியலிலிருந்து பெயரை அடிப்பதென்றால் டாக்டரின் பெயரைத்தான் அடிக்க முடியும். நிறுவனத்தின் பெயர் அங்கே இல்லவே இல்லை. நிறுவனத்துக்கு என்ன பயம்?

"அப்படியானால் காலி நாளை என்ன செய்வது, சார்?" என்று நண்பர் கேட்டார்.

கீழ்ப்பாக்கம் அரசாங்க ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டை அவர் எட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வெந்து சுருங்கிக் கழுத்தோடு ஒட்டிய தாடை, பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தை, மடங்கிப்போன விரல்கள்: இவர்களுக்கு முகூர்த்த மாதமும் இல்லை, மந்த மாதமும் இல்லை. அதே கையால், அதே கத்தியால் செய்கிற வேலைதான். பணம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். காலி நாளுக்கு ஒன்றுமே வராது என்று அழுததும் நண்பர்தானே?

அதுவும் முடியாது என்றால், அந்த 2002 விதிகளே டாக்டருக்குச் சில அறிவிப்புகளை அனுமதிக்கின்றன. தொழில் தொடங்கினால் அறிவிக்கலாம். விலாசம் மாறினால் அறிவிக்கலாம். கொஞ்ச நாள் இருக்க மாட்டேன் என்றும் அறிவிக்கலாம். ஆடி மாதத்துக்குத் தோதான விளம்பரம் அதுதான்: 'டாக்டர் ஊரில் இல்லை. ஆவணி பிறந்த பிறகு பார்ப்பார்.'