வியப்பறிந்தவரே தாழ்மையறிவர்

பரலோக ராஜ்யத்தில் பெரியவன் எவன் என்று வினவிய சீடர்களுக்கு விடையாக, இயேசு பெருமான் ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார் என்று மத்தேயு சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரம் கூறுகிறது. வினவியவர்கள் புறத்தார் அல்லர். வீட்டையும் வலையையும் விட்டு அவர் பின்னே நடந்தவர்கள். அனைத்தையும் துறந்த நெஞ்சிலும் முதலிடத்தின் மீதுள்ள ஆசை மட்டும் துறக்கப்படாமல் எஞ்சி நிற்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. சபைகளில் பதவிகளுக்காக நடைபெறும் போட்டிகளையும் வழக்குகளையும் காணும் நமக்கு, அந்த வினா இன்னும் ஓயவில்லை என்பதும் வெளிப்படை.

தாழ்மையை நேரே தேடிச் செல்பவனுக்கு அது கிட்டுவதில்லை. நான் எவ்வளவு தாழ்ந்திருக்கிறேன் என்று ஓயாது எண்ணுகிறவன், அப்பொழுதும் தன்னைப் பற்றியே எண்ணுகிறான். குழந்தையோ தன்னைத் தாழ்த்திக்கொள்ள முயல்வதே இல்லை; எதிரே தோன்றும் பொருளின் அதிசயத்தில் முழுமையாக ஈடுபட்டு, பிறரோடு தன்னை ஒப்பிட்டு அளக்கவே மறந்துவிடுகிறது. ஆகவே வியப்பே வேர், தாழ்மை அதன் கனி என்பது என் துணிபு.

இதற்குச் சான்றாக நான் காட்ட விரும்புபவர் துறவியும் அல்லர், குருவானவரும் அல்லர். மைக்கேல் ஃபாரடே என்னும் விஞ்ஞானி. 1791-ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் இளமையிலேயே தொழில் பழகச் சேர்ந்து, பைண்டு செய்ய வந்த நூல்களையே படித்து அறிவு வளர்த்து, 1813-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் உதவியாளராக நுழைந்த அவர், 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். இன்று உலகெங்கும் மின்நிலையங்களில் சுழலும் ஜெனரேட்டர்கள் அந்தத் தத்துவத்தின்மேல் இயங்குபவையே.

1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், அறுபத்தொன்பது வயது நிரம்பியிருந்த அம்முதியவர், சிறுவர் சிறுமியர் நிறைந்த அவையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அதைப் பற்றியே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். உருகிய மெழுகு திரியின் வழியே மேலேறுவதையும், சுடரைச் சூழ்ந்து எழும் காற்று விளிம்பைக் குளிரச்செய்து வர்த்தியின் தலையை ஒரு கிண்ணமாகவே ஆக்குவதையும், எரியும் நெருப்பிலிருந்து நீர் பிறப்பதையும், நாம் விடும் மூச்சில் உள்ள அதே கரியமிலவாயு சுடரிலிருந்தும் வெளிவருவதையும் ஒவ்வொன்றாக அவர் எடுத்துக்காட்டினார். உலகப் புகழ் பெற்ற ஒருவர் இதனைத் தம் தகுதிக்குக் குறைவான பொருளென்று கருதாததற்குக் காரணம், சிருஷ்டியின் ஒவ்வோர் அணுவிலும் சிருஷ்டிகரின் கைவண்ணத்தைக் காணலாம் என்ற விசுவாசமே அன்றோ?

அவ்விசுவாசத்தை அவர் பெற்றது சாண்டிமானியர் என்னும் சிறு கிறிஸ்தவக் கூட்டத்தாரிடம். ஊதியம் பெறும் போதகர் இல்லாமல், தம்முள் சிலரையே மூப்பர்களாகத் தேர்ந்தெடுத்து, ஞாயிறுதோறும் ஒன்றாக உண்டு ஆராதித்த அந்த எளிய சபையில், அவர் 1840-ல் மூப்பரானார். 1844-ல் சபையார் அவரைச் சில வாரங்கள் ஐக்கியத்திலிருந்து விலக்கிவைத்தனர். மீண்டும் சேர்த்துக்கொண்ட பின்பும், மூப்பர் பொறுப்பு 1860 வரை அவருக்குத் திரும்பவில்லை. ஐரோப்பாவின் அறிஞர் சங்கங்களெல்லாம் போற்றிய அம்மனிதர், சபையைப் பிளக்கவுமில்லை, வேறு சபை தேடவுமில்லை. பதினாறு ஆண்டுகள் சாதாரண உறுப்பினராகவே தொடர்ந்து வந்து ஆராதித்தார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை இருமுறை மறுத்ததும், 'சர்' பட்டத்தை ஏற்காததும் பெருமைக்குரியனவே. ஆயினும், பறிபோன மதிப்பைப் பொறுத்துக்கொண்ட அந்தப் பதினாறு ஆண்டுகளையே நான் அவற்றினும் மேலாக மதிக்கிறேன்.

குழந்தையுள்ளம் என்பது எதையும் ஆராயாது நம்பிவிடும் பேதைமை என்று சிலர் ஐயுறக்கூடும். துர்க்குணத்தில் குழந்தைகளாகவும் புத்தியில் தேறினவர்களாகவும் இருக்கும்படி பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியது இந்த ஐயத்திற்குத் தக்க விடை. ஆவிகளின் வல்லமையால் மேசைகள் தாமே நகர்கின்றன என்ற நம்பிக்கை இங்கிலாந்தில் பரவிய 1853-ல், அதைச் சோதித்து, மேசைமேல் வைத்த கைகளே அறியாமல் அதை நகர்த்துகின்றன என்று நிறுவியவரும் இந்த ஃபாரடேயே. மெய்யான அதிசயத்தில் தோய்ந்த கண்ணுக்குப் போலி அதிசயம் எளிதில் புலப்படும்.

சபைப் பொறுப்புகளை நாடும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாக்குக் கேட்டு வருமுன், ஓராண்டேனும் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்கள் கேட்கும் கேள்விகளை அதட்டி அடக்காமல் செவிகொடுத்துக் கேளுங்கள். விடை தெரியாதபோது தெரியவில்லை என்று அவர்களிடமே சொல்லப் பழகுங்கள். தேர்தலில் தோற்றாலும், பதவியிலிருந்து இறங்க நேர்ந்தாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஆலயத்திற்கு வந்து ஆராதியுங்கள். அவ்வாறு வரக்கூடியவரிடம்தான் சபைப் பொறுப்பை நம்பி ஒப்படைக்க இயலும்.