கவுஞ்சியில் எடுபடாத வாதம்

பாட்டுக் கேட்கத் தனிக்கருவி வாங்குவது வீண்செலவு, அதே காசில் கையடக்க கேம் கருவி வாங்கினால் விளையாட்டு, பாட்டு, படம் மூன்றும் கிடைக்கும் என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறார்கள். அதன் வாலில் இப்போது இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: "அதான் போன் இருக்கே, ரெண்டும் எதுக்கு?" கொடைக்கானல் ஏரிக்கரைக் கடையில் நின்று கேட்டால் இரண்டுமே நியாயமாகத்தான் படும். பூம்பாறை, மன்னவனூர் வழியாக மேல்மலைக்குள் போய், கவுஞ்சியின் பூண்டு வயலில் நின்று கேட்டுப்பாருங்கள்.

வேலைகளின் எண்ணிக்கையை வைத்துக் கருவியை மதிப்பிடுவதிலிருந்தே கோளாறு தொடங்குகிறது. தொண்ணூறுகளின் இறுதியில் திருவிழாக் கடைகளில் விற்ற சீன "பிரிக் கேம்" நினைவிருக்கும். பெட்டியின் மேல் "9999 இன் 1" என்று போட்டிருப்பார்கள். உள்ளே இருந்தவை சில விளையாட்டுகள்தான். வேகத்தையும் நிலையையும் மாற்றி மாற்றி எண்ணி அந்தக் கணக்கை எட்டினார்கள். பெரிய நிறுவனங்களின் கணக்கும் அப்படி ஒன்றும் மேலானதல்ல. 1990இல் வந்த சேகாவின் கேம் கியரில் வண்ணத்திரை இருந்தது. தனியாக ஒரு ட்யூனர் வாங்கிச் செருகினால் டிவியும் பார்க்கலாம். ஆனால் ஆறு ஏஏ பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்த்துவிடும். அதற்கு ஒரு வருடம் முன்பே வந்த நிண்டெண்டோவின் கேம் பாயில் பின்னொளிகூட இல்லை, நிறமும் இல்லை. குன்பெய் யோகோய் வேண்டுமென்றே பழைய, மலிவான பாகங்களை வைத்து அதை உருவாக்கினார். நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வண்ணப் பதிப்பையும் சேர்த்து அது விற்றது சுமார் 11.87 கோடி, கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடி.

நோக்கியா 2003இல் இறக்கிய என்-கேஜ் இன்னும் வேடிக்கை. போன், பாட்டு, எஃப்எம், விளையாட்டு எல்லாம் ஒன்றில். விளையாட்டு அட்டையை மாற்ற வேண்டுமானால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். எல்லாம் செய்யும் கருவியில் எதுவும் சுளுவாக நடக்கவில்லை.

"பிஎஸ்பி வெற்றிதானே?" என்பார்கள். வெற்றிதான், சுமார் எட்டுக் கோடி விற்றது. ஆனால் எதற்காக வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். 2004இல் சோனி அதை விளையாட்டுக்கு மட்டும் என்று இறக்கவில்லை, 4.3 அங்குலத் திரையும் யுஎம்டி என்ற குட்டித் தட்டும் படம் பார்க்கவும்தான். யுஎம்டி படங்கள் இரண்டே ஆண்டுகளில் கடை அலமாரிகளிலிருந்து இறங்கத் தொடங்கின. அந்தப் பெட்டியை மக்கள் விளையாட்டுக்குத்தான் எடுத்தார்கள். படத்தையும் பாட்டையும் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளாத நிண்டெண்டோ டிஎஸ் 15.4 கோடி விற்றது.

அடுத்தது கையும் கண்ணும். எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இதற்கு இடமில்லை. எனக்கோ இதுதான் பிரதானம். கேம் கருவி இரண்டு கைகளையும் இரண்டு கண்களையும் கேட்கும். பாட்டுக்கருவிக்குக் காது போதும். மேல்மலையில் வேலை என்றால் பூண்டுப் பல் ஊன்றுவது, களை எடுப்பது, உருளைக்கிழங்கு தோண்டுவது, மூட்டை கட்டுவது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு இப்படிக் குனிந்த முதுகாலும் மண் அப்பிய விரலாலும்தான் விளைகிறது. அந்த விரலுக்குத் தொடுதிரை சரியாக மசியாது. ஈரமும் மண்ணும் பட்டால் எங்கே தொட்டோம் என்று அதற்குப் புரிவதில்லை. பொத்தான் வைத்த மெமரி கார்டு பாட்டுப்பெட்டியை முழங்கையால்கூட அமுக்கலாம். வரப்பில் ஒன்று பாடினால் வயலில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது போதும். கேம் கருவியில் ஒருவர் ஆடினால் ஒருவருக்குத்தான்.

மின்சாரத்துக்கு வருவோம். முதலில் வந்த ஸ்டீம் டெக் கேம் கருவியின் எடை 669 கிராம், பேட்டரி 40 வாட்-மணி. ஆட்டத்தைப் பொறுத்து இரண்டு முதல் எட்டு மணி நேரம் என்று அதைச் செய்யும் வால்வ் நிறுவனமே சொன்னது. 2010இல் வந்த ஐபாட் ஷஃபிளின் எடை 12.5 கிராம்தான், ஓட்டம் 15 மணி நேரம். திரையில்லாததன் லாபம் அது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையேறி மேற்கே நகர்ந்தபோது கொடைக்கானல் மலையிலும் மரங்கள் சாய்ந்து மின்சாரம் நின்றுபோனது. அப்படிப்பட்ட நாளில் எந்தக் கருவி உதவும் என்று கேட்டால் தொழில்நுட்பப் பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்கள். மலைக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இனி போன். இந்த வாதத்தில் பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆப்பிளே 2022 மே மாதம் ஐபாடுக்கு முடிவு கட்டிவிட்டது. ஆனால் மீதிப் பாதி டவரை நம்பி நிற்கிறது. மேல்மலையின் மடிப்புகளில் சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். இணையத்திலிருந்து பாட்டு வர வேண்டுமென்றால் அதோடு சேர்ந்து பாட்டும் போகும். புதிய கேம் கருவிகளும் இந்தக் குழிக்குள்தான் விழுகின்றன: 2023இல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டலுக்கு வினாடிக்குக் குறைந்தது 5 மெகாபிட் வைஃபை தேவை. எட்டு ஜிபி மெமரி கார்டோ எதையும் கேட்காது. பாட்டுக்கு நான்கு எம்பி என்று வைத்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் பாட்டு. இடைவிடாமல் பாடினாலும் ஐந்து நாளைத் தாண்டும். செல்போன் கடையில் காசு கொடுத்துப் பாட்டு ஏற்றிக்கொண்டு போகும் வழக்கத்தை ஏழ்மையின் அடையாளமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். எச்எம்வி என்று பெரியவர்கள் சொல்லும் சரிகம நிறுவனம், எல்லோர் கையிலும் போன் வந்துவிட்ட 2017இல், இணையமே தேவைப்படாத கார்வான் பெட்டியை இறக்கியது. தமிழ்ப் பதிப்பில் ஐயாயிரம் பாட்டு. நகரத்து வரவேற்பறைகள்தான் அதை வாங்கின.

பெற்றோர் தரப்பில் ஒரு வாதம் உண்டு: கேம் பிள்ளையைக் கெடுக்கும், பாட்டும் வீடியோவும் பரவாயில்லை. இதில் வீடியோவைப் பாட்டோடு சேர்த்ததுதான் தவறு. பழைய கேம் அட்டையில் பிள்ளை தோற்கும் அல்லது ஆட்டம் முடியும், எழுந்து போகலாம். போனில் ஒரு வீடியோ முடியுமுன் அடுத்தது வரிசையில் நிற்கும். முடிவுள்ள ஆட்டத்தைத் திட்டிவிட்டு முடிவில்லாத திரையைப் பிள்ளை கையில் கொடுக்கிறோம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் போனை வாங்குங்கள். வங்கியும் சந்தை விலையும் மருத்துவரும் அதில் இருக்கிறார்கள். ஆட்டமே வேண்டும் என்பவருக்குக் கேம் கருவியைவிட நல்லது வேறில்லை. வயலில் பாட்டு வேண்டும் என்பவரிடம் மட்டும் விலையுயர்ந்த ராக் அல்லை கேம் கருவியைக் காட்டி "இதிலேயே பாட்டும் வரும்" என்று சொல்லாதீர்கள். டிராயரில் கிடக்கும் பழைய பட்டன் போனின் சிம்மைக் கழற்றிவிட்டு ஒரு மெமரி கார்டைப் போட்டால் அவர் வேலை முடிந்தது.