ஆப்பரேட்டர் ரூமுக்குள் ஒரு குட்டி மின்னல்!

ராயப்பேட்டைக்கும் சினிமாவுக்கும் உள்ள சொந்தம் பழையது. பைலட், வுட்லண்ட்ஸ், 1974-ல் வந்த சத்யம் என்று ஒரே பேட்டைக்குள் இத்தனை தியேட்டர்கள். கொஞ்சம் நடந்து அண்ணா சாலைக்குப் போனால், 1913-ல் கட்டப்பட்ட எலெக்ட்ரிக் தியேட்டர் இன்றும் தபால் நிலைய வளாகத்துக்குள் நிற்கிறது. எந்தப் படம் எங்கே எத்தனை நாள் ஓடியது என்று மூச்சுவிடாமல் சொல்ல இந்த ஏரியாவில் தாத்தாக்கள் உண்டு. ஆனால், அந்தப் படங்களைத் திரை வரைக்கும் கொண்டுபோன வெளிச்சம் எதிலிருந்து வந்தது?

'பெரிய பல்பு' என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் அது பல்பே இல்லை. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே பிடித்து வைத்த ஒரு குட்டி மின்னல்.

காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால், போதுமான மின்னழுத்தமும் சூடும் கிடைத்தால் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து வந்துவிடும். அப்போது அதே காற்று மின்சாரம் பாயும் பாதையாகிறது. திடம், திரவம், வாயுவுக்கு அடுத்த இந்த நான்காவது நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். வானத்து மின்னல், வீட்டு டியூப்லைட், வெல்டிங் கடை வெளிச்சம் எல்லாமே இந்தக் குடும்பம். (லேட்டாகப் புரிந்துகொள்பவரை 'டியூப்லைட்' என்கிறோமே, அதற்கும் காரணம் இதுதான். உள்ளே இருக்கும் வாயு பிளாஸ்மாவாக மாறும்வரை அது சிமிட்டிக்கொண்டே இருக்கும்.)

ஆப்பரேட்டர் செய்தது இதைத்தான். மின்சாரம் பாயும் இரண்டு கார்பன் குச்சிகளை ஒன்றோடொன்று தொடவிட்டு, உடனே லேசாக விலக்குவார். இடைவெளியில் ஆர்க் பற்றிக்கொள்ளும். பாசிட்டிவ் குச்சியின் முனையில் குழி விழுந்து, 3,500 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக ஒளிரும். பின்னால் இருக்கும் குழிவுக் கண்ணாடி அந்த வெளிச்சத்தை அள்ளி, தபால் தலை அளவுள்ள ஃபிலிம் ஃபிரேமின் மேல் கொட்டும்.

பற்றவைத்ததோடு வேலை முடியாது. குச்சிகள் எரிந்து தேயும், இடைவெளி கூடும், திரை மங்கும். கீழே விசில் பறக்கும், "ஆப்பரேட்டர்!" என்று சத்தம் வரும். அதனால் அவர் கறுப்புக் கண்ணாடி ஜன்னல் வழியாக ஆர்க்கைப் பார்த்துப் பார்த்து குச்சியை முன்னே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். புகை வெளியேற மெஷினுக்கு மேலே குழாய் வேறு.

ஒரு ரீல் ஏறக்குறைய 20 நிமிடம். அது முடிவதற்குள் பக்கத்து மெஷினில் அடுத்த ரீலை மாட்டி, அதிலும் ஆர்க் பற்றவைத்துத் தயாராக நிற்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி சட்டென்று தோன்றி மறைவதை மூத்தவர்கள் பார்த்திருக்கலாம். 'இரண்டாவது மெஷினை ஓட்டு' என்று ஆப்பரேட்டருக்குச் சொல்லும் சிக்னல் அது. சில நொடிகளில் இன்னொரு புள்ளி வந்தால், மாற்றிவிட வேண்டும். படம் முழுக்க இப்படியேதான். கதாநாயகி அழுவதை அவர் பார்த்தாரா, அந்தப் புள்ளியைப் பார்த்தாரா?

ஃபிலிம் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால் ஆர்க்கின் சூட்டில் பொசுங்கிவிடும். பழைய நைட்ரேட் ஃபிலிம் என்றால் இன்னும் மோசம். தீப்பிடித்தால் அணைப்பது கடினம். அதனால்தான் ஆப்பரேட்டர் ரூமைத் தனியாக, தீ தாங்கும் சுவரோடு கட்டினார்கள்.

இந்த ஆர்க்கை 1800-களின் தொடக்கத்திலேயே லண்டனில் ஹம்ப்ரி டேவி செய்துகாட்டிவிட்டார். ஆனால், அது புஸ்ஸென்று சீறும், ஆடும், வெளிச்சம் நிலைக்காது. ஏன் சீறுகிறது என்று கண்டுபிடித்தவர் ஹெர்தா அயர்டன் என்ற பெண் விஞ்ஞானி. சூடான குழிக்குள் காற்றின் ஆக்சிஜன் நுழைந்து கார்பனைத் தொடுவதால்தான் அந்தச் சீற்றம் என்று அவர் நிரூபித்தார். 1899-ல் லண்டன் மின்பொறியாளர்கள் சங்கத்தில் தன் கட்டுரையைத் தானே வாசித்த முதல் பெண் அவர்தான். 1902-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவிக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தபோது, திருமணமான பெண் என்பதால் சட்டப்படி முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அதே சொசைட்டி 1906-ல் அவருக்கு ஹியூஸ் பதக்கம் கொடுத்தது. பதக்கம் வாங்கலாமாம், உறுப்பினராகத்தான் கூடாதாம்!

அடுத்த மாற்றம் 1950-களில் ஜெர்மனியிலிருந்து வந்தது. செனான் விளக்கு. கெட்டியான குவார்ட்ஸ் பல்புக்குள், சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு டங்ஸ்டன் முனைகள். சுற்றிலும் செனான் வாயு. காற்றில் சுமார் 1 கோடியே 15 லட்சம் பங்கில் ஒரு பங்குதான் இந்த வாயு. விலை சும்மா இருக்குமா? பற்றவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு தட்டு. அதற்குப் பிறகு குச்சி தள்ளும் வேலை இல்லை, புகை இல்லை, வெளிச்சமும் ஒரே சீர். ஆர்க்கைக் கவனிக்க ஆள் வேண்டாம் என்றானதும், முழுப் படத்தையும் ஒரே தட்டில் சுற்றி ஒரே மெஷினில் ஓட்டவும் வழி பிறந்தது. இரண்டு மெஷின் வேலை ஒன்றாகச் சுருங்கியது.

ஆபத்து மட்டும் வேறு உருவத்தில் வந்தது. எரியாதபோதே இந்த பல்புக்குள் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம் இருக்கும். எரியும்போது அது இன்னும் ஏறும். கைதவறினால் வெடித்துச் சிதறும். அதனால் பல்பு மாற்றும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். குவார்ட்ஸில் விரல் ரேகை பட்டால்கூட, சூட்டில் அந்த இடம் பழுதாகி பல்பு சீக்கிரம் கெடும்.

ஃபிலிம் போய், சென்னை நிறுவனமான க்யூப் போன்றவர்கள் டிஜிட்டலைக் கொண்டுவந்த பிறகும், பெரும்பாலான புரொஜெக்டர்களுக்குள் எரிந்தது அதே செனான்தான். இப்போது லேசர் வருகிறது. செனான் பல்பு சில நூறு மணி நேரத்திலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் மணி நேரம் வரை தாங்கும். லேசர் 20,000 மணி நேரத்துக்கு மேல். சிறு செமிகண்டக்டர் துண்டுகளிலிருந்து வரும் ஒளி என்பதால், இதில் மின்னலுக்கு வேலையே இல்லை. கார்பன் முனையின் நிறத்தைப் பார்த்தே இடைவெளியைச் சரிசெய்த கைகளுக்கும்தான்.

தியேட்டரில் மறையும் ஆர்க், தெருவில் இன்னும் எரிகிறது. அண்ணா சாலையைத் தாண்டிப் புதுப்பேட்டைப் பக்கம் போனாலோ, கேட் அடிக்கும் எந்த வெல்டிங் கடையைக் கடந்தாலோ அதைப் பார்க்கலாம். ஆப்பரேட்டருக்கு இருந்த கறுப்புக் கண்ணாடி தெருவில் நிற்கும் பிள்ளைகளுக்கு இல்லை. அந்த ஒளியின் புற ஊதாக் கதிர்கள் கருவிழியைச் சுட்டுவிடும். பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், கண்ணில் மணல் கொட்டியதுபோல உறுத்தும், தண்ணீராகக் கொட்டும். கண்ணைக் கசக்கக்கூடாது. தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு என்று யார் என்ன சொன்னாலும் கண்ணில் விடாமல், கண் டாக்டரிடம் போய்விடுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.