‘ஆண்டவர் எடுத்துக்கொண்டார்’ என்று பிள்ளைகளிடம் இனிச் சொல்ல மாட்டோம்

மரணத்தையும் துயரத்தையும் சிறுவர்களுக்கு எடுத்துச் சொல்வது பற்றி, மொனராகலை, பதுளை மாவட்டத் தோட்டங்களில் ஞாயிறு பாடசாலை நடத்தும் ஆசிரியர்களாகிய எங்கள் நிலைப்பாடு

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை ஏழரை மணியளவில், கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடு இல்லை. சிலருக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மண்ணுக்குள் போன பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. மறுபடியும் பிள்ளைகள் ஆளை இழந்தார்கள்.

மண்சரிவு மட்டுமல்ல. மொனராகலைப் பக்கம் யானை அடித்து அப்பா சாகிறார். மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆயா சாகிறார். இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு பிள்ளை எங்கள் முன்னால் வந்து நின்று, கடவுள் ஏன் இதைத் தடுக்கவில்லை என்று கேட்கிறது. “ஆண்டவருக்குப் பிரியமானவர்களை அவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்”, “எல்லாம் அவர் சித்தம்”, “அழாதே, விசுவாசம் உள்ளவர்கள் அழக்கூடாது” என்று நாங்களும் பல வருடம் பதில் சொல்லியிருக்கிறோம். பிள்ளையைத் தேற்றத்தான் சொன்னோம். ஆனால் அந்தப் பதில்கள் பிள்ளையின் வாயை அடைத்தன, கடவுளை ஆள் பிடிப்பவராக்கின. அவை தவறு என்று இன்று வெளிப்படையாகச் சொல்கிறோம். இனி நாங்கள் கடைப்பிடிக்கப்போவது இதுதான்.

1. இறந்தவரை இறந்துவிட்டார் என்றே சொல்வோம்.
“தூங்குகிறார்”, “வெளிநாடு போயிருக்கிறார்” என்று மறைக்க மாட்டோம். ஐந்து ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். அப்பா தூங்கித்தான் போய்ச் சேர்ந்தார் என்றால் அது ராத்திரி கண் மூடப் பயப்படும். எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்கில் வேலை செய்யும் எங்கள் தோட்டங்களில், வெளிநாடு போனவர் ஒருநாள் திரும்பி வருவார் என்று பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். லாசரு தூங்குகிறான் என்று இயேசு முதலில் சொன்னார். சீஷர்கள் அதைச் சாதாரணத் தூக்கம் என்று நினைத்தபோது, அவன் மரித்துவிட்டான் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். வளர்ந்தவர்களுக்கே அந்தத் தெளிவு தேவைப்பட்டதென்றால் பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவை!

2. சாவைத் தண்டனை என்று சொல்ல மாட்டோம்.
சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசியதை லூக்கா சுவிசேஷம் 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று அவர் அடித்துச் சொன்னார். மலை சரிந்து செத்தவர்களுக்கும் அதே பதில்தான். தன்னுடைய குறும்பால்தான் அம்மா செத்தாள் என்று மனதுக்குள் புழுங்கும் பிள்ளைகள் உண்டு. “உன்னால் இல்லை” என்று அவர்கள் கேட்காமலே, ஒரு தடவைக்குப் பத்துத் தடவை சொல்வோம்.

3. மனிதர் விட்ட பிழையைக் கடவுள் மேல் போட மாட்டோம்.
மீரியபெத்தை அபாயமான இடம், குடும்பங்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும் அந்தக் குடும்பங்கள் அதே லயங்களில்தான் இருந்தன. தப்பியவர்களில் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நாட்களைக் கழித்தார்கள். அவர்களுக்குப் பூணாகலைப் பக்கம் புது வீடு கிடைக்க 2016 ஒக்டோபர் ஆனது. இதைக் கடவுளின் சித்தம் என்று பிள்ளைக்குச் சொல்வது பொய்ச்சாட்சி. வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த உண்மையை அவர்கள் வயதுக்கேற்பச் சொல்வோம். நீதிக்காகக் கேள்வி கேட்பதும் ஜெபத்தின் ஒரு பகுதிதான்.

4. அழவும் கோபப்படவும் விடுவோம்.
யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகலாய் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் அதுதான் உருப்படியானது. வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். சங்கீதங்களில் பல முறையீடுகள்தான். லாசரு இறந்தபோது இயேசுவே அழுதார். கடவுளோடு கோபித்துக்கொள்ளும் பிள்ளை அவரை விட்டுப் போய்விடவில்லை, அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது. பேச வராத பிள்ளைக்குக் கடுதாசியும் வர்ணப் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்வோம். விளையாட ஓடினால் விளையாட விடுவோம். பிள்ளைகளின் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும்.

5. அடக்கத்தில் பிள்ளைக்கும் இடம் கொடுப்போம்.
பயந்துவிடும் என்று அடுத்த லயத்துக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். இனி என்ன நடக்கும் என்பதை முன்னாலேயே சொல்லி, வர விருப்பமா என்று கேட்போம். வந்தால் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருப்பார். உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை இல்லை. நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் நாளில் அவர்கள் பெயரையும் சபையில் சொல்லி மெழுகுதிரி ஏற்றுவோம்.

6. துக்கவீட்டில் மதம் பரப்ப மாட்டோம்.
எங்கள் பிள்ளைகளின் சொந்தபந்தத்தில் பெரும்பாலானோர் இந்துக்கள். தாத்தாவின் கருமாதிக்குப் போகாதே என்று எந்தப் பிள்ளையையும் தடுக்க மாட்டோம். “அப்பாயி நரகத்துக்குப் போவாரா?” என்று கேட்கும் பிள்ளையிடம், அப்பாயியை நம்மைவிட அதிகமாக நேசிப்பவரின் கையில் அவர் இருக்கிறார் என்று சொல்வோம். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரின் பிள்ளைக்கும் இதே பதில்தான். அந்தக் குடும்பத்துக்கு ஜெபமும் அடக்க ஆராதனையும் மறுக்கப்படுவதை நாங்கள் ஏற்கவில்லை.

அப்படியானால் நம்பிக்கை என்று எதைக் கொடுக்கப்போகிறோம்? உயிர்த்தெழுதலைத்தான். ஆனால் உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணிக் காயங்கள் மறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வோம். நம்பிக்கை வந்தால் காயம் இருக்காது என்பது சுவிசேஷம் அல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகளும் செத்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு, ஜெபித்தால் ஒரு தீங்கும் வராது என்று எந்த ஆசிரியரும் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. என்ன ஆனாலும் கடவுள் விட்டுப் போகமாட்டார் என்று மட்டுமே சொல்லலாம். நாமும் விட்டுப் போகாமல் இருந்தால்தான் அதைப் பிள்ளை நம்பும்.

ஆகவே, ஆளை இழந்த ஒவ்வொரு பிள்ளையையும் குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து போய்ப் பார்ப்போம். இரண்டு பேராகத்தான் போவோம், பிள்ளையைத் தனியே கூட்டிப்போக மாட்டோம். தூக்கமும் சாப்பாடும் பல வாரம் கெட்டுப்போனால், பாடசாலைக்குப் போக மறுத்தால், சாக வேண்டும் என்று பேசினால், ஜெபத்தோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் குடும்பத்துக்கு உதவுவோம். சிறுவர் உதவிக்கு 1929, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்களை எல்லா ஞாயிறு பாடசாலைச் சுவரிலும் எழுதி வைப்போம்.

போதகர்களையும் குருமாரையும் கேட்கிறோம்: அடக்கப் பிரசங்கத்தில் முன்வரிசையில் இருக்கும் பிள்ளையை நினைத்துப் பேசுங்கள். பாடசாலைகளைக் கேட்கிறோம்: இறந்த பெற்றோரின் பெயர் கேட்கும் படிவத்தை வகுப்புக்கு முன்னால் நிரப்பச் சொல்லாதீர்கள். அரசாங்கத்தையும் தோட்ட நிர்வாகங்களையும் கேட்கிறோம்: அபாயம் என்று குறிக்கப்பட்ட சரிவுகளில் இருக்கும் லயக் குடும்பங்களுக்குக் காணியும் வீடும் கொடுங்கள்.

ஒக்டோபர் பிறந்தால் மழை இறங்கும். ராத்திரி தகரத்தில் மழைச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்காரும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். பயப்படாதே என்று அவர்களிடம் சொல்வதற்கு எங்களுக்கு வாய் வர வேண்டுமானால், அவர்கள் படுக்கும் இடம் சரியாத இடமாக இருக்க வேண்டும்.